தமிழ்ப் பாடக் கோப்புகள் ஆறு வாரம் முன்னதாக வேண்டும்: கோலாலம்பூர் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களுக்கும், மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுகளுக்கும், தமிழில் பாடம் நடத்தும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

பார்வையற்ற மாணவர் ஒருவர் தமிழ்ப் பாடம் எடுத்தால், அவருக்கு முதல் தேவை, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பு. மலாய், ஆங்கிலப் பாடங்களுக்கு அதைத் தயாரிப்பது இப்போது ஓரளவு எளிது. தமிழில்தான் வேலை சிக்குகிறது. எங்கே, ஏன் என்பதை, இக்கோப்புகளை மாற்றித் தரும் நாங்கள் சொல்லவே இம்மடல்.

பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகள் இன்னும் வகுப்புகளில் புழங்குகின்றன. திரையில் தமிழ் தெரியும். உள்ளே ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான் இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பான் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றே காணும். எழுத்துரு மாற்றியில் இட்டால் யூனிகோடு ஆகிவிடும். ஆனால் நடுவே ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். பத்தி பத்தியாகப் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

யூனிகோடில் அடித்திருந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. விரிவுரையாளர்களே, கோப்பிலிருந்து இரண்டு வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பிசகில்லாமல் வந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் மூல வேர்டு கோப்பைக் கொடுங்கள். எங்களுக்கு எப்போதும் அதுவே மேல். அதில் தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்புப் பாணி (Heading style) கொடுத்திருந்தால் மாணவர் எச் விசையைத் தட்டிப் பகுதிக்குப் பகுதி தாவலாம். எழுத்தைத் தடிப்பாக்கி மட்டும் விட்டிருந்தால் அறுபது பக்கத்தையும் வரிசையாகக் கேட்கவேண்டியதுதான். பத்தி எந்த மொழியில் உள்ளது என்று கோப்பில் இடும் மொழிக் குறிப்பையும் கவனியுங்கள். என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான்; அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் மலாயும் பேசும். ஆனால் தமிழ்ப் பத்திக்கு ஆங்கிலம் என்று குறித்திருந்தால் சில குரல்கள் அந்தப் பத்தியை மௌனமாகத் தாண்டிவிடும். விட்டுப்போனது கேட்பவருக்குத் தெரியவும் தெரியாது.

பழைய நூல்கள்தாம் பெரும்பாடு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சானவற்றில் றா, ணை, லை முதலியவை பழைய வடிவில் இருக்கும். வருடிய படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) அவற்றில் தடுமாறும். 'ர'வையும் காலையும் குழப்பிக்கொள்ளும். தெளிவாக 300 டிபிஐ அளவில் வருடினாலும், மனிதர் ஒருவர் மெய்ப்புப் பார்க்காமல் அந்த நூலைத் தேர்வுக்குப் படிக்கத் தர முடியாது. பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 200 பக்க நூலுக்கு 33 மணி நேரத்துக்கு மேல். வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கும் இருவருக்கு அது மூன்று வார வேலை. ஒரு தவணையில் இப்படி இரண்டு நூல் இருந்தால் ஆறு வாரம். வகுப்பு தொடங்கிய பின் நூற்பட்டியலைத் தந்தால், முதல் இடுபணிக்கு நாள் நெருங்கும்போது மாணவர் கையில் பாதி நூல்தான் இருக்கும்.

பதிப்புரிமையைக் காட்டிக் கோப்பு மறுப்பவர்களும் உண்டு. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக, உரிமையாளரின் அனுமதியின்றி அவர்கள் படிக்கக்கூடிய பிரதி ஆக்க இடம் தரும் மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022இல் இணைந்துவிட்டது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசும் தனியார் கல்வி நிலையங்களும் செய்து தரவேண்டிய ஏற்பாடுகளில் கற்பித்தல் பொருள்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

தேர்வுக்கு வருவோம். மூன்று மணி நேரத் தாளுக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம் என்றால் 45 நிமிடம். மற்றவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போகும் அதே மண்டபத்தில் அதைக் கொடுத்தால் பயன் போய்விடுகிறது, தனியறை வேண்டும். காலை, மாலை இரு தாள் ஒரே நாளில் வந்தால் சாப்பாட்டு இடைவேளையை இந்த 45 நிமிடம் விழுங்கிவிடும். அட்டவணை போடும்போதே இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தமிழ்த் தாளுக்கு, மாணவர் சொல்லச் சொல்ல எழுத வரும் எழுத்தர் தமிழ் எழுதத் தெரிந்தவராக இருப்பது மட்டும் போதாது. ல, ள, ழ வேறுபாட்டையும் ஒற்று மிகும் இடத்தையும் சோதிக்கும் வினாவில், பிழை மாணவருடையதா எழுத்தருடையதா? ஐயம் வரும் சொல்லை மாணவர் எழுத்துக் கூட்டிச் சொல்லலாம், எழுத்தர் தாமாகத் திருத்தக்கூடாது என்று விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். செய்யுள் மேற்கோளைச் சீர் பிரித்துச் சொல்லி எழுத இருவருக்கும் பழக்கம் வேண்டும். ஒரு வாரம் முன்பு ஒருமுறை ஒத்திகை பார்த்தால் போதும்.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு இரண்டு மணி நேர விரிவுரையென்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் தேவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் களைப்பில் பொருள் நழுவும். தமிழ் வகுப்பென்றால் அவர்களுக்குத் தமிழும் புரியவேண்டும். அப்படிப்பட்டவர்கள் அரிது, ஆகவே தேடலும் முன்னதாகவே தொடங்கவேண்டும்.

சமூகநல இலாகாவின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை கைக்கு வரும்வரை உதவியை நிறுத்தி வைக்காதீர்கள். எழுத்து வாசிப்புக் குறைபாடு உள்ள பலர் அட்டையே இல்லாமல்தான் பல்கலைக்கழகம் வருகிறார்கள். மருத்துவர் கடிதத்தை வைத்து ஒரு தவணைக்குத் தற்காலிக ஏற்பாடு தரலாம். விரிவுரையாளருக்குப் போகும் கடிதத்தில் என்ன ஏற்பாடு என்பது மட்டும் இருக்கட்டும். நோயின் பெயர் வேண்டாம்.

அடுத்த தவணை தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே, தமிழில் நடக்கும் ஒவ்வொரு பாடத்தின் நூற்பட்டியலையும் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவின் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பாக, உங்களிடம் இருக்கும் குறிப்புகளில் ஒன்றைத் திறந்து, இரண்டு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பாடக் கோப்பு மாற்றுவோரும் தேர்வு எழுத்தர்களும்,
கோலாலம்பூர்