ஓர் இலையை எண்ணினால் அசுவினியின் கணக்கு வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியின் தாக்குதலைக் கண்டறிவது பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். செடிக்கு ஓர் இலை வீதம் பறித்து, பூச்சிகளை எண்ணிச் சராசரி பார்த்தால் போதும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அசுவினி செடியின் எந்தப் பகுதியில் குடியேறுகிறது என்பதைப் பல பருவங்களாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், இந்த அறிவுரையைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

அசுவினி உறிஞ்சுவது, இலையில் உருவாகும் சர்க்கரையைச் செடியெங்கும் கொண்டு செல்லும், உரியம் எனப்படும் குழாய்களின் சாற்றை. அதில் சர்க்கரைக்குக் குறைவில்லை. பூச்சியின் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களுக்குத்தான் தட்டுப்பாடு. அவை வளரும் கொழுந்தை நோக்கிச் செல்கின்றன. பழுக்கத் தொடங்கிய இலையிலோ புரதம் சிதைவதால் அவை சாற்றில் கலந்து வெளியேறுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முற்றிய இலைகளில் சாறு மெலிந்திருக்கும். சர்க்கரைப் பீட் செடிகளில் இலையின் வயதையும் அசுவினிப் பரவலையும் ஒப்பிட்டு, கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. எனவே கைக்கு வாகாக இருக்கிறது என்று நடு இலையைப் பறிப்பவர், பூச்சி மிகக் குறைவாக இருக்கக்கூடிய இடத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்காவிட்டால் அதுவும் கண்ணில் படாது.

அவரைக் கொழுந்து ஒன்றைக் கைலென்சால் பார்த்தால், கொத்துக் கொத்தாக அசுவினிகள் இருப்பதன் காரணம் புரியும். தண்டில் அலகைச் செருகியபடி அசையாமல் நிற்கும் தாய், ஆண் துணையின்றியே உயிருள்ள குஞ்சை, பின்புறம் முன்னே வர, ஈன்றுகொண்டிருக்கும். பிறந்த குஞ்சு சற்றே நகர்ந்து, தாயின் அருகிலேயே தன் அலகையும் செருகிக்கொள்ளும். வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதுவும் தாயாகிவிடும். நெரிசல் கூடினால் இறகுள்ளவை தோன்றிப் பறந்துபோய் வேறு செடியில் அடுத்த கொத்தைத் தொடங்கும்.

இவ்வாறு திரளும் பூச்சிக்குச் சராசரி பொருந்தாது. 20 செடிகளில் 18 சுத்தமாக இருக்க, மீதமுள்ள இரண்டில் தலா 300 பூச்சிகள் இருந்தால், செடிக்கு 30 என்று கணக்குச் சொல்லும். உண்மையில் 30 பூச்சிகள் உள்ள செடி அங்கே ஒன்றுகூட இராது. அந்த எண்ணை நம்பித் தோட்டம் முழுவதும் மருந்தடிப்பவர், அந்த இரண்டு கொத்துகளைத் தேடி வந்து முட்டையிட்ட, அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். அவை மீண்டும் பெருகுவதற்குள் தப்பிய அசுவினிகள் முந்திக்கொள்கின்றன என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

ஒவ்வொரு செடியிலும் கொழுந்து ஒன்று, நடு இலை ஒன்று, மஞ்சளாகும் கீழ் இலை ஒன்று என மூன்று இடங்களைப் புரட்டிப் பார்த்து, மொத்தத்தில் எத்தனை செடிகளில் பூச்சி உள்ளது என்று குறித்துக்கொள்வதே எளிது. பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணும் வேலையும் மிச்சம். பாதித்த செடிகள் சிலவே என்றால், அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி அழிப்பதே பெரும்பாலும் போதுமானது. அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, இலையின் அடிப்புறத்தைக் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்