வீட்டில்தானே இருக்கிறாய்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சுகம் என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு வந்து ஒரு கிழமை இருந்து பார்க்கட்டும். கடவுச்சீட்டு எடுக்க, விசாவுக்குக் கொடுக்க, வைத்தியரைக் காண, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்ப என்று யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் உறவினர் அத்தனை பேரும் விடியற்காலையில் எங்கள் வாசலில்தான் பையை இறக்குவார்கள். வரட்டும். பனங்கட்டியும் ஒடியலும் வேறு யார் கொண்டுவந்து தரப்போகிறார்கள்? "நீ வீட்டில்தானே இருக்கிறாய், பத்தரமுல்லைக் கடவுச்சீட்டுக் கந்தோருக்கு ஒருக்கால் கூட வா, உனக்குத்தான் சிங்களம் தெரியும்" என்பார்களே, அங்கேதான் வில்லங்கம்.

லண்டன் நிறுவனமொன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். அங்கே காலை 9 மணி, இங்கே பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. இரவு 9.30க்கு முன்னர் எழும்ப முடியாது. காலையில் நான் குசினியில் தேங்காய் துருவுவதைக் கண்டவர்கள், இவளுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2020 ஊரடங்குக் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. ஒருவரும் வெளியே வர முடியாதபோது என் வேலைக்கு எல்லோரும் மரியாதை தந்தார்கள்!

கூட்டம் நடக்கும்போது அறைக் கதவில் சிவப்புத் துவாய் தொங்கும், அப்போது யாரும் வரக்கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். இரண்டாம் நாளே பெரியம்மா, "காயாத துவாயைக் கதவிலா போடுவது?" என்று எடுத்துக்கொண்டுபோய்ப் பல்கனிக் கொடியில் விரித்துவிட்டார். பின்னாலேயே உழுந்து வடைத் தட்டோடு மச்சாள் உள்ளே வந்தாள். திரையில் ஆறு வெள்ளைக்காரர்களும் வடையைப் பார்த்தார்கள்.

"வேலையாக இருக்கிறேன்" என்பது எங்கள் ஆட்களிடம் எடுபடாது; அதை முகம் முறிப்பதாகவே எடுப்பார்கள். நேரத்தைச் சொன்னால் எடுபடுகிறது. "12 மணி வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், 1.30க்குப் பிறகு முடியாது" என்று அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை 8 மணிக்கே பத்தரமுல்லைக்கு வெளிக்கிட்டு நின்றார்.

அம்மாவுக்குக் கந்தோர் என்றால் அப்பா குடையோடு படியிறங்கிப் போனதுதான். அதனால் இப்போது மதியம் சேலை மாற்றி, தலை வாரி, "போய்விட்டு வருகிறேன் அம்மா" என்று சொல்லித்தான் அறைக்குள் போகிறேன். சென்ற வாரம் வாசலில் யாரோ என்னைக் கேட்டார்கள். "பிள்ளை கந்தோருக்குப் போய்விட்டாள், இரவுதான் வருவாள்" என்றார் அம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் நான் மூச்சுக்கூட விடவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06