மணிக்கூண்டுத் தொகுப்பில் பிசகிய தகடுகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு.

பொருள்: பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டும், 2,140 துண்டுகள் கொண்ட மணிக்கூண்டு மாதிரித் தொகுப்பில் தகடுகளின் (தட்டையான மெல்லிய கட்டைகளின்) தடிமன் பிசகியிருப்பதும், சிவப்புக் கட்டைகளின் நிறம் ஒன்றுபோல் இல்லாததும், என் மதிப்புரையைத் திருத்தச் சொல்லி உங்கள் நிறுவனம் அனுப்பிய பதிலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில்களைப் படித்த பிறகுதான், அளவுகோலைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

பதினாறு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கட்டை மாதிரிகளைச் சேகரித்து வருகிறேன். வாங்கும் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, கட்டி முடித்து, ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்து, மறுபடி பிரித்துப் பார்த்த பிறகே அதைப் பற்றி மதிப்புரை எழுதுவேன். சொந்தமாகவும் வடிவமைக்கிறேன். வேலை முடிந்து வந்து, மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டைகளோடு உட்காரும் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு மிகவும் முக்கியமானது. உங்கள் தயாரிப்புகள் மட்டுமே பதினொன்று என்னிடம் இருக்கின்றன. முதல் பத்திலும் குறை சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. மூன்று துண்டுகள் குறைந்திருந்த தொகுப்புக்கு ஒரே வாரத்தில் அவற்றை அனுப்பி வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆகவே மணிக்கூண்டு வரப்போகிறது என்று அறிவித்தபோது நாள் எண்ணிக் காத்திருந்தேன். கீழ்த்தளத்து வளைவுகளை, கட்டைகளின் மேலே புடைத்திருக்கும் குமிழ்களின் கணக்கில் அரைக் குமிழ் தள்ளி வைத்து ஆழம் காட்டியிருக்கும் விதமும், கூரைச் சரிவு நான்கு பக்கமும் ஒரே புள்ளியில் வந்து சேரும் விதமும் அபாரமானவை. இதை வடிவமைத்தவரின் பெயர் பெட்டியிலும் இல்லை, வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. அவர் யாராக இருந்தாலும் என் பாராட்டை அவரிடம் சேர்த்துவிடுங்கள். நான் கீழே சொல்லப்போகும் குறை, என்னைப் போலவே அவருக்கும் இழைக்கப்பட்ட அநியாயம்.

கடிகாரத்துக்குக் கீழே, மணி தொங்கும் அறையின் நான்கு பக்கமும் செங்குத்தான சட்டங்கள் போட்ட பலகணி வருகிறது. ஒவ்வொரு பலகணிக்கும் பத்துத் தகடுகளைப் பக்கவாட்டில் அடுக்கி, இரண்டு கோணத்துண்டுகளில் பொருத்தி, சுவரில் நான்கு குமிழ் அகலத்துக்கு விட்டிருக்கும் இடைவெளியில் செருக வேண்டும். கணக்கு மிக அழகானது. ஒரு தகட்டின் தடிமன் 3.2 மி.மீ. பத்துத் தகடுகள் 32 மி.மீ. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் 8 மி.மீ. நான்கு குமிழ் அகலமும் 32 மி.மீ. படுத்த தகடும் நின்ற தகடும் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போவதால்தான் பக்கவாட்டுக் கட்டுமானம் என்ற ஒன்றே சாத்தியமாகிறது.

முதல் பலகணி இடைவெளிக்குள் போகவில்லை. நான்தான் தவறாக அடுக்கிவிட்டேனோ என்று பிரித்து மீண்டும் அடுக்கினேன். கட்டைவிரலால் அழுத்தியபோது ஒரு வழியாக உள்ளே போனது. ஆனால் பக்கத்துச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் மூலைக் கட்டைகளுக்கு நடுவே ஒளிக்கீற்று தெரிந்தது. இடுக்கி அளவியை எடுத்து அளந்தேன். அந்தப் பத்துத் தகடுகளின் மொத்தத் தடிமன் 32.8 மி.மீ. பிறகு நாற்பது தகடுகளையும், குமிழை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அளந்தேன். மிகவும் மெல்லியது 3.24 மி.மீ., மிகவும் தடித்தது 3.31 மி.மீ. சரியான அளவில் ஒன்றுகூட இல்லை. சில தகடுகளின் ஓரத்தில் வெள்ளிக் கீற்று போல மினுமினுக்கும் கோடுகளும் இருந்தன. கட்டைகளை வார்க்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது, துகள்களை நன்றாக உலர்த்தாமல் வார்த்தால் இத்தகைய கோடுகள் விழும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடிமன் கூடியதற்குக் காரணம் தேய்ந்த அச்சா, வேறெதுவுமா என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கட்டி முடித்த இருபத்திரண்டாம் நாள் இரவு, அலமாரியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால், கிழக்கு முகத்தில் ஒரு கோணத்துண்டு மடிப்பு இருக்கும் இடத்தில் நேராக விரிசல் விட்டிருந்தது. அதற்கடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு போயின. யாரும் தொடவில்லை, கீழே விழவில்லை, வெயில் படவில்லை. இரவும் பகலும் விடாமல் நெரிபட்டால் எந்தப் பிளாஸ்டிக்கும் ஒருநாள் விட்டுத்தான் கொடுக்கும்.

உங்கள் சேவைப் பிரிவின் முதல் பதில், "இது மிகச் சிறிய வேறுபாடு, இயல்பான பயன்பாட்டைப் பாதிக்காது" என்றது. ஒரு தகட்டில் 0.08 மி.மீ. சிறியதாகத் தோன்றலாம். பத்தில் அது 0.8 மி.மீ. பெட்டியின் முன்பக்கத்தில் 'பிற முன்னணிக் கட்டைகளோடு பொருந்தும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டைகளே உங்கள் சுவருக்குள் பொருந்தாதபோது அந்த வாசகத்துக்கு என்ன பொருள்?

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்பது உங்களுக்கும் தெரியும். மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்ட கட்டைக்கு டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து லெகோ நிறுவனம் காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28ஆம் தேதி. 1963இல் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பொருள் மாறியது, நிறங்கள் பெருகின, துண்டுகளின் வகைகள் ஆயிரக்கணக்கில் கூடின, அளவு மட்டும் மாறவில்லை. 1958ஆம் ஆண்டுக் கட்டை ஒன்றை இன்றைய கட்டையின் மேல் வைத்து அழுத்தினால் இப்போதும் பிடித்துக்கொள்கிறது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, கட்டையின் வடிவத்தை வணிகமுத்திரையாகப் பதிவு செய்யவும் முடியாது, அது தொழில்நுட்பப் பயனுக்கான வடிவம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. உங்களைப் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததை மனதார வரவேற்கிறவன் நான். அந்த அளவுகள் இன்று எல்லோருக்கும் பொதுவானவை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர் எல்லோருக்கும் அதைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமையும் உண்டு.

வடிவமைக்கிறவனுக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கும். மணிக்கூண்டைச் சுற்றி ஒரு சிறிய ரயில் நிலையம் வடிவமைக்க வேண்டும் என்பது என் திட்டம். கணினியில் நான் பயன்படுத்துவது, கட்டை மாதிரிகளைத் திரையில் வரைவதற்கு ஜேம்ஸ் ஜெசிமன் 1995இல் உருவாக்கிய எல்டிரா (LDraw) முறை. அவர் 1997இலேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற முறையை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். அதில் ஓர் அலகு என்பது 0.4 மி.மீ. குமிழ் இடைவெளி 20 அலகு, கட்டையின் உயரம் 24 அலகு, தகடு 8 அலகு. எல்லாம் முழு எண்கள். திரையில் ஒன்றோடொன்று சேர்ந்தால் மேசையிலும் சேரும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைகிறோம். ஐந்து மாத உழைப்பில் நடைமேடை, கூரை, பயணச்சீட்டு அறை எல்லாவற்றையும் முடித்திருந்தேன். மணிக்கூண்டோடு நிலையத்தை இணைக்கும் சுவரும் அதே போலப் பக்கவாட்டுத் தகடுகளால் ஆனது. உங்கள் தகடுகளைக் கொண்டு கட்டினால் அந்தச் சுவர் வில்லாக வளைகிறது. பழைய கட்டைகளிலிருந்து எடுத்த தகடுகளை வைத்தால் நேராக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றி இரண்டாம் கடிதத்தில் எழுதியிருந்தேன். "விளையாடும் குழந்தைகள் இதைக் கவனிக்க மாட்டார்கள்" என்று பதில் வந்தது. என் அக்காவின் மகளுக்கு எட்டு வயது. அவள் வந்திருந்தபோது, சிவப்புக் கட்டைகள் 212ஐயும் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத்தாளில் கொட்டி, "இதை எடுத்து அடுக்கி வை, கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மூன்று குவியல் இருந்தன. 131, 58, 23. "இது செங்கல், இது தக்காளி, இது துருப்பிடிச்சது" என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருந்தாள். குழந்தைகளின் கண்ணைக் குறைத்து எடை போடாதீர்கள். அதோடு, உங்கள் பெட்டியிலேயே '18 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று அச்சிட்டிருக்கிறது. பெரியவர்களுக்கென்று சொல்லி விற்றுவிட்டு, குறை என்று வரும்போது குழந்தைகளின் பின்னால் ஒளிந்துகொள்வது முறையா?

கடிகார முகம் அச்சிட்ட துண்டாக இல்லாமல் ஸ்டிக்கராக இருப்பது எனக்கு வருத்தம்தான். அது உங்கள் விருப்பம், அதை நான் புகாராகச் சொல்லவில்லை.

உங்கள் இரண்டாம் பதிலின் கடைசிப் பத்திதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. என் மதிப்புரையில் இருக்கும் அளவீட்டுப் படத்தையும் அதையொட்டிய பத்தியையும் நீக்கிவிட்டால், அடுத்து வெளிவரும் தொகுப்பை இலவசமாக அனுப்புவதாக அதில் எழுதியிருந்தது. மூன்று முறை படித்தேன். மாற்றுத் தகடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிசகைச் சரிசெய்ய மாட்டீர்கள், பிசகைச் சொன்ன வரியை மட்டும் விலைக்கு வாங்குவீர்கள் என்றால், என் மதிப்புரையை நம்பி இதே பெட்டியை வாங்கப்போகும் இன்னொருவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவரும் ஒரு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்குவார். அந்தப் பத்தி நீங்காது. வளைவுகளையும் கூரையையும் புகழ்ந்து எழுதிய பத்திகளும் அதே இடத்தில் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவையும் உண்மை.

எனக்கு வேண்டியது இவைதாம். சரியான அளவில் வார்த்த நாற்பது தகடுகள், எட்டுக் கோணத்துண்டுகள், ஒரே வார்ப்பில் வந்த 212 சிவப்புக் கட்டைகள். இவற்றை அனுப்புவதற்கு முன் உங்கள் பிரிவில் ஒருவர் பத்துத் தகடுகளை அடுக்கி அளந்து பார்க்க வேண்டும். இந்தத் தொகுப்பின் மற்ற பெட்டிகளிலும் இதே பிசகு இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் வாங்கியவர்களுக்கு நீங்களே முன்வந்து அறிவிக்க வேண்டும். அவர்களில் பலர் தாங்கள்தான் தவறாகக் கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் முதல் இரவு அப்படித்தான் நினைத்தேன். மதிப்புரையை நீக்கினால் இலவசத் தொகுப்பு என்ற பேச்சை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். முப்பது நாட்களுக்குள் துண்டுகளை அனுப்ப இயலாது என்றால், பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தந்துவிடுங்கள்.

மாற்றுத் துண்டுகள் வந்து, பலகணிகள் நான்கும் நெரிசல் இல்லாமல் உட்கார்ந்தால், அந்தப் படத்தையும் அளவையும் தேதியோடு மதிப்புரையில் சேர்ப்பேன். ரயில் நிலையத்தின் இணைப்புச் சுவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மணிக்கூண்டுத் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், ஒன்பது படங்கள், நாற்பது தகடுகளின் அளவுப் பட்டியல், சிறிய உறையில் விரிசல் விட்ட கோணத்துண்டு ஒன்று.