உதட்டோரத்தை விட்டுவிடுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். கண்புரை அறுவை முடிந்தபின் வெள்ளையெல்லாம் பழுப்பு நீங்கிப் பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கண்ணோடுதான் உங்கள் அண்ணனை நீங்கள் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்த்தேன். சாயலில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் முகத்தில் உயிர் வரவில்லையே என்று வருந்தியிருந்தீர்கள். புருவத்தை மயிர் மயிராகவும் உதட்டை விளிம்பு பிசகாமலும் எழுதியதுதான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654-இல் தம் நண்பரும் கவிஞருமான யான் சிக்ஸைத் தீட்டிய படத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். தோளில் கிடக்கும் சிவப்பு மேலாடையின் பொன் சரிகை, கிட்டத்தில் பார்த்தால் வெறும் மஞ்சள் தீற்றல்கள்தான். ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் விழுந்தது, திருத்திய தடயமே இல்லை. கையுறையும் அதைப் பற்றிய விரல்களும் அப்படியே அவசரத் தீற்றல்களாக நிற்பதால், அவர் அதை அணிகிறாரா கழற்றுகிறாரா, வந்தவரா புறப்படுபவரா என்று நம்மால் அறுதியிட முடிவதில்லை. முகத்தில் மட்டும் தூரிகை நிதானிக்கிறது. ஆனால் அங்கேயும் கண்களின் ஓரமும் உதட்டின் ஓரமும் நிழலோடு கரைந்துவிடுகின்றன. சலிப்பு, கனிவு, ஏதோ நினைவு என்று பார்ப்பவர் மனநிலைக்கேற்ப முகபாவம் மாறுவது அந்தக் கரைந்த இடங்களில்தான்.

அம்முகத்தில் ஆட்சியாளரின் மிடுக்கைக் காண்பவர்களும் உண்டு. ஆனால் சிக்ஸ் ஆம்ஸ்டர்டாமின் மேயரானது 1691-இல். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த பதவியை முப்பத்தாறு வயதுக் கவிஞரின் முகத்தில் தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் படத்தில் வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தால், உலர்ந்த மென்தூரிகையால் உதட்டின் இரு ஓரங்களையும் கன்னத்துக்குள் இலேசாக இழுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டதென்றால், எண்ணெயில் நீர்க்கக் கரைத்த பழுப்பை மெல்லிய பூச்சாக அவ்விடத்தில் ஏற்றலாம். சட்டைப் பொத்தான்களை இனித் தொடவே வேண்டாம்; அவை ஏற்கெனவே முகத்தைவிடத் தெளிவாக இருக்கின்றன. திருத்தியபின், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றை அனுப்பி வையுங்கள். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்