அந்த மெயில் பெட்டியைக் கொஞ்சம் காலி செய்து கொடுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம். நான் பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் இந்திய மாணவர் சேர்க்கைக் குழுவில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்று தனியாக எதுவும் இல்லை, கோவை கணபதியில் எங்கள் வீட்டு மாடி அறைதான். எங்களிடம் விண்ணப்பிக்கும் மாணவர் காட்டும் மார்க் ஷீட் நீங்கள் கொடுத்ததுதானா என்று உண்மைத்தன்மை கேட்டு நாங்கள் மெயில் அனுப்புவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவருடைய சரிபார்ப்புப் பிரிவின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. ஜூலை 28-ஆம் தேதியிலிருந்து நிரம்பியேதான் கிடக்கிறது. தயவுசெய்து அதைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் 'நாம் இல்லையப்பா' என்று இத்தோடு மூடி வைத்துவிடுவீர்கள்.

அந்தியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். ஒரு அரியர் இல்லாமல் டிகிரி முடித்தவன். டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி.க்கு எங்களிடம் கண்டிஷனல் ஆஃபர், அதாவது நிபந்தனையோடு இடம், வாங்கியிருந்தான். சிக்கல் மார்க்கில் இல்லை, இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், டிகிரியில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரே சர்நேம். எங்கள் சாப்ட்வேர் சர்நேமைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் பிரிட்டனிலிருந்து பையனுக்குப் போன ஒவ்வொரு மெயிலும் அவனுடைய அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள்.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான், இந்த மார்க் ஷீட் நீங்கள் கொடுத்ததுதான் என்று உங்களிடமிருந்து ஒரு வரி வேண்டியிருந்தது. ஜூன் 16 அன்று கேட்டேன். மூன்று முறை நினைவூட்டினேன். நான்காவது நினைவூட்டல், பெறுநரின் பெட்டியில் இடமில்லை என்று இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆறு வாரத்தில் உங்கள் பக்கமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் பையனின் அப்பாவே விடியக்காலை பஸ் ஏறிப் போய்விட்டார். போகச் சொல்லி நான் சொல்லவில்லை. மதியம் போன் வந்தது. "அம்மிணி, ஆபீசுக்கு முன்னால பெஞ்சுல உக்காந்திருக்கறனுங்." மஞ்சப்பையில் லேமினேட் செய்த சான்றிதழ்கள். ஜன்னலில் இருந்தவர், மெயில் எதுவும் வரவில்லை, அந்த யூனிவர்சிட்டியையே லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதி, டிடி எடுத்து, தபாலில் அனுப்பச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். நாலு மணி வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது என்னிடம் கேட்டார்: "பையன் படிச்சது நெசந்தானுங்களே அம்மிணி. அதை எழுதிக் குடுக்க அவுங்களுக்கு என்னங் கஷ்டம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் அதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. விலை ஏறட்டும் என்று ஈரோட்டுக் குடோனில் போட்டு வைத்திருந்த மஞ்சள் மூட்டைகளை ஜூனிலேயே விற்று, பணத்தைத் தன் கணக்கில் போட்டிருந்தார். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்தக் கணக்கு அறிக்கையின் கடைசித் தேதியும் விசா விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் போடவோ காஸ் எண், அதாவது சேர்க்கையை உறுதிசெய்து நாங்கள் கொடுக்கும் எண், வேண்டும். காஸ் எண் கொடுக்க எனக்கு உங்கள் ஒரு வரி வேண்டும். வரி வராததால் 28 நாள் முடிந்தும் பணத்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார். மழைக்குக் களை ஏறி நின்ற காட்டுக்கு வெட்டுக்கூலி கொடுக்க வெளியே வட்டிக்கு வாங்கினார். கணக்கில் பணம் இருந்தது. கைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 29-ஓடு செப்டம்பர் சேர்க்கைக்கான காஸ் மூடிவிட்டது. பையன் இப்போது பெருந்துறை சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறான்.

'சந்தேகமே இல்லாத பையனுக்கு எதற்குச் சரிபார்ப்பு, நீங்களே விட்டிருக்கலாமே' என்று கேட்கலாம். விட முடியாது. நாங்கள் சேர்க்க முன்வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு விசா மறுக்கப்பட்டாலே, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் எங்கள் உரிமத்துக்கு ஆபத்து என்றிருந்தது. அந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்கப்போவதாக 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெள்ளை அறிக்கையில் அறிவித்தது. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தையே பறித்தார்கள், படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தப் பயம் இன்றும் எங்கள் மீட்டிங்குகளில் ஒரு ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

போலிகளும் வரத்தான் செய்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு மார்க் ஷீட்டில் முத்திரை, கையெழுத்து, ஹாலோகிராம் எல்லாம் கச்சிதம். பல்கலைக்கழகம் இருக்கிற ஊரின் பெயரில் மட்டும் ஒரு எழுத்து தப்பு. அதைப் பிடித்தது என் திறமை இல்லை, அந்த ஊர் என் மாமியார் ஊர். எல்லா ஊரிலும் எனக்கு மாமியார் இருக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

எங்கள் பக்கம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. கமிஷனுக்காகத் தலைக்கணக்கு பார்க்கும் ஏஜென்ட்கள் உண்டு. மெயிலில் பதிவு எண்ணையே போடாமல் 'தயவுசெய்து உறுதிசெய்யவும்' என்று உங்களுக்கு எழுதும் ஆட்களும் எங்களிடம் உண்டு. அதை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். ஆனால் பதிவு எண், தேர்ச்சி பெற்ற மாதம், மார்க் ஷீட் நகல், மாணவரின் ஒப்புதல் கடிதம் எல்லாம் வைத்து அனுப்பிய மெயிலுக்கும் பதில் இல்லையே?

அப்புறம் அந்த டிடி. பிரிட்டனில் இருக்கிற பல்கலைக்கழகம் எந்த வங்கிக் கிளையில் போய், உங்கள் ஊரில் மாற்றத்தக்க டிடி எடுக்கும்? எங்கள் நிதிப்பிரிவில் டிடி என்றால் என்ன என்று விளக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வாசலில் இளநீர் விற்கிறவர்கூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். உங்கள் இணையதளத்தில் 'வெளிநாட்டு உறவுகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நாலைந்து நாட்டுக் கொடி, பொன்னாடை, ஒப்பந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு கைகுலுக்கும் போட்டோ. உலகத்தரம் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. அதே பக்கத்தின் அடியில்தான் அந்த நிரம்பிய மெயில் முகவரியும் இருக்கிறது. மாணவனை வெளிநாட்டுக்கு அனுப்பும் வரைக்கும் உறவு வேண்டாம் போலிருக்கிறது, கைகுலுக்கினால் போதும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்கள் பிரிவில் ஆள் பற்றாக்குறை என்பது தெரியும். ரிட்டையர் ஆனவர் நாற்காலி காலியாகவே கிடப்பதை எந்த ஆபீசில்தான் பார்க்கவில்லை.

கேட்பது பெரிய காரியம் இல்லை. பெட்டியைக் காலி செய்யுங்கள். வருகிற கேள்விக்குப் பத்து வேலை நாளுக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரு வரி போடுங்கள். பத்து நாள் என்பது நான் கற்பனையில் பிடித்த கணக்கில்லை. போலி அனுமதிக் கடிதங்களால் நம் நாட்டு மாணவர்கள் கனடாவில் சிக்கித் தவித்ததை 2023-இல் பார்த்தோம். அந்த டிசம்பரிலிருந்து, தங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் பத்து நாளுக்குள் கல்லூரிகளே குடிவரவுத் துறைக்கு உறுதிசெய்ய வேண்டும் என்று கனடா விதி போட்டுவிட்டது. கல்லூரிகளும் செய்கின்றன. மெயிலே வேண்டாம் என்றாலும் சரி. தேசியக் கல்விப் பெட்டகம் 2017-லேயே வந்துவிட்டது, டிஜிலாக்கரில் இருக்கிறது. பழைய மார்க் ஷீட்களையும் அதில் ஏற்றிவிட்டால் நாங்கள் உங்களைத் தொந்தரவு செய்யவே மாட்டோம். கட்டணம் வேண்டுமானால் வாங்குங்கள், ஆன்லைனில் வாங்குங்கள்.

அந்தியூர்ப் பையனுக்கு ஜனவரி சேர்க்கையில் இடம் வைத்திருக்கிறோம். காஸ் கொடுக்க டிசம்பர் 5 கடைசி. அவன் அப்பா மறுபடி 28 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். இன்று காலை பத்தரை மணிக்கு அதே மெயிலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். இணைப்போடு சேர்த்து 1.2 எம்பிதான். பெட்டியில் அந்த அளவுக்கு இடம் செய்து கொடுத்தால் போதுங்க.

பணிவுடன்,
கோவையிலிருந்து ஒரு சேர்க்கை அலுவலர்