மறுநாளும் போக வேண்டும்: வீட்டுக் கவனிப்பு நிதிக்காக ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

நம் சபையின் வீட்டுக் கவனிப்புக் குழுவுக்காக இதை எழுதுகிறேன். நன்கொடை கேட்டுத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்குக் கேட்கிறோம் என்பது புரிய, என் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த முதல் வாரம் வீட்டில் உட்கார இடமில்லை. ஜெபிக்க வந்தவர்கள், கையைப் பிடித்து அழுதவர்கள், "எதுன்னாலும் ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். எல்லோரும் மனதார வந்தவர்கள்தான், யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருவர், இருவர் வந்தார்கள். நான்காம் மாதம் அதுவும் நின்றுபோனது. அம்மா ஆலயத்துக்கு வருவதும் நின்றது. அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவார்? அந்த மாதங்களில் நாங்கள் யாருக்கும் போன் பண்ணவில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பண்ணுவதில்லை.

ஒருவர் மட்டும் நிற்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் ஓர் அக்கா வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவார். "அம்மா, நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். அப்புறம் வேலை தொடங்கிவிடும். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைப்பார். குதிகாலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகம் வெட்டிவிடுவார். மடங்கிப்போன அந்த இடது கைவிரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நடுவில் சேர்ந்திருக்கும் அழுக்கை ஈரத்துணியால் எடுப்பார். அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. ஆனாலும் அவரிடம் இவர் பேசிக்கொண்டே இருப்பார், பதில் வந்ததுபோல நடுவில் நிறுத்தி, தலையாட்டி, மறுபடி பேசுவார். அம்மா இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்த ஒன்றரை வருடத்தில் அம்மா காதைத் தீட்டிக்கொள்ளாமல் தூங்கிய தூக்கம் அது ஒன்றுதான்.

அந்த அக்கா எங்கள் வீட்டில் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதில்லை. கிளம்பும்போது அப்பாவின் நெற்றியில் கை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "வியாழக்கிழமை வரேங்கய்யா" என்பார். வருவார்.

நல்ல சமாரியன் கதை நமக்கெல்லாம் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது, கட்டினது, தன் வாகனத்தின் மேல் ஏற்றினது, எல்லாம் தெரியும். நான் வெகுகாலம் கவனிக்காமல் விட்டது லூக்கா 10-ஆம் அதிகாரம் 35-ஆம் வசனத்தின் முதல் வார்த்தையை: "மறுநாளிலே." சமாரியன் அன்றைக்கு ராத்திரி சத்திரத்திலேயே தங்கியிருக்கிறான். மறுநாள் காலையில் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள் என்கிறான். அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கையும் திறந்தே வைத்துவிட்டுப் போகிறான். வழியில் விழுந்து கிடப்பவனைப் பார்த்ததும் மனம் உருகுவது ஒரு நாள் காரியம். தங்குவது, காசு வைப்பது, திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது, இதெல்லாம் மறுநாள் காரியம். நம் சபையில் முதல் நாளுக்குக் குறைவே இல்லை. மறுநாளில்தான் நாம் தவறுகிறோம். இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நானும் அப்படிப் பல வீடுகளுக்கு ஒரே ஒருமுறை போய் வந்தவன்தான்.

சரி, குழு செய்ய நினைப்பது என்ன?

நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு, வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அதே இரண்டு பேர் போவது. அவர்கள் அங்கே இருக்கும் நேரம், அந்த வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு. அவர் தூங்கலாம், வங்கிக்குப் போய் வரலாம், சும்மா வெளியே நடந்துவிட்டு வரலாம், எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதோடு, அந்த வீட்டுக்குத் தேவையான சாமான்களைச் சபையே வாங்கி வைத்திருந்து, வேண்டும்வரை இலவசமாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, சுத்தம் செய்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவது. தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில், ஏர் பெட் (காற்றடைத்த மெத்தை), வீல்சேர், வாக்கர், கமோடு நாற்காலி. திரும்பி வராத சாமான்களும் உண்டு: பெரியவர்களுக்கான டயாபர், கையுறை, யூரின் பேக், காயம் கட்டும் துணி. உண்மையில் குடும்பங்களை மாதாமாதம் அரிப்பது இந்தச் சின்னச் செலவுகள்தான். கட்டிலை ஒருதரம் வாங்கினால் முடிந்தது. டயாபர் அப்படியா?

படுக்கைப் புண்ணைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி அங்கே ரத்த ஓட்டம் குறைந்துபோகும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த இடங்களில் முதலில் சிவக்கும். அழுத்திப் பார்த்தும் சிவப்பு மாறாவிட்டால் அது எச்சரிக்கை. விட்டுவிட்டால் தோல் உரிந்து, சில சமயம் எலும்பு வரைக்கும் போய்விடும். தடுக்கும் வழி எளிதுதான்: ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, ஈரம் இல்லாமல் வைத்துக்கொள்வது, கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்ப்பது. எளிது என்று எழுதிவிட்டேன். ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, தன்னைவிடக் கனமான மனிதரைத் தனியாளாகப் புரட்டும் ஒரு மனைவிக்கு அது எளிதா? ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், ஆனால் ஆபத்து குறைகிறது. விரிப்பைக் குறுக்கே மடித்துப் போட்டு இழுத்தால் முதுகு வலிக்காமல் நகர்த்தலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வந்தால் அந்த மனைவியின் இடுப்பு தப்புகிறது. வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு இதையெல்லாம் பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு கற்றுக்கொடுக்கப் போகிறோம். அதற்கும் செலவு உண்டு.

இது சபை வேலையா, ஆஸ்பத்திரி வேலையா என்று ஒரு மூப்பர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவம் பார்ப்பது நம் வேலை இல்லை, மருந்து விஷயத்தில் நாம் ஒன்றும் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் கவனிப்பு ஆரம்பத்திலிருந்தே சபையின் வேலைதான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அந்த வேலைக்குக் கேட்ட தகுதியைப் பாருங்கள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சாப்பாடு பரிமாறுவதை மேற்பார்க்க ஆவியால் நிறைந்தவர் வேண்டும் என்றார்கள். ஸ்தேவான் அந்தப் பட்டியலில் முதல் பெயர்.

நிதி சேர்ப்பதும் புதிதல்ல. சுமார் கி.பி. 155-ஆம் ஆண்டில் ஜஸ்டின் என்ற விசுவாசி ரோமாபுரியிலிருந்து எழுதியபோது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனமுள்ளவர்கள் கொடுப்பது தலைவரிடம் சேர்க்கப்படும் என்றும், அதிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் ஆகியோரை அவர் விசாரிப்பார் என்றும் விவரித்திருக்கிறார். 197 வாக்கில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், மாதம் ஒருநாள், விருப்பம் இருந்தால், முடிந்தால் மட்டும், ஒவ்வொருவரும் சிறிதளவு போடுகிறோம், யாருக்கும் கட்டாயம் இல்லை என்று எழுதினார். 362-இல் ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர், தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நம்மைப்பற்றியும் யாராவது அப்படிக் குறைப்பட்டால் எனக்குச் சந்தோஷம்.

ஆகவே இந்த நிதியில் சபை அங்கத்தினர், அங்கத்தினர் அல்லாதவர் என்ற பிரிவு இருக்காது. பக்கத்து வீட்டில் வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் படுக்கையில் இருந்தால் கட்டில் அங்கேயும் போகும். பதிலுக்கு ஆலயத்துக்கு வரச் சொல்லிக் கேட்கக்கூடாது என்பது குழுவின் தீர்மானம். ஜெபிக்கட்டுமா என்று கேட்கலாம், வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். போட்டோ எடுக்கக்கூடாது. கட்டிலிலும் வீல்சேரிலும் கொடுத்தவர் பெயரை எழுதப்போவதில்லை. இதில் சிலருக்கு மனக்குறை இருப்பது தெரியும், பெற்றோர் நினைவாகக் கொடுக்க விரும்புவது நல்ல ஆசைதான். ஆனால் படுத்திருப்பவர் நாள் முழுக்க இன்னொருவர் பெயரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று நினைத்தோம். நினைவுக்காகக் கொடுப்பவர்களின் பெயர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆராதனையில் வாசித்து ஜெபிப்போம்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? குழு தொகை எதையும் விதிக்கவில்லை. கட்டாயமாயுமல்ல, விசனமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரேயடியாகப் பெரிய தொகை கொடுப்பதைவிட, மாதாமாதம் சிறியதாக, நிற்காமல் வருவது எங்களுக்கு அதிக உதவி. ஒரு வீட்டுக்கு டயாபர் கொடுக்கத் தொடங்கிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்தினால், தொடங்காமலே இருந்திருக்கலாம். பெரிய தொகை கொடுக்கக் கூடியவர்கள் கட்டிலுக்கும் ஏர் பெட்டுக்கும் கொடுங்கள், அவைதான் முதலில் வேண்டும்.

சின்னத் தொகை என்று தயங்குகிறவர்களுக்காக ஒரு சம்பவம். 1948-இல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண் அடிக்கடி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். சாகிறவர்களை நன்றாகக் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. டாஸ்மா இறக்கும்போது தன்னிடம் இருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்து, உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றார். இல்லமே இல்லாத காலத்தில் ஒரு ஜன்னலுக்குக் கொடுத்தார். சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை 1967-இல் திறந்தார். நடுவில் 19 வருடம். இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கும் வலிநிவாரணக் கவனிப்புக்கு அந்த இல்லம் முன்மாதிரி.

கணக்கு விஷயம். எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்துகொண்ட ஆளையும் உடன் அழைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். நாமும் அப்படியே. இந்த நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இருவர் கையெழுத்து. எண்ணுவதும் இருவர் சேர்ந்துதான். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு வாசிக்கப்படும், உதவி பெறுகிறவர்களின் பெயர் மட்டும் அதில் வராது.

பணம் கொடுக்க முடியாதவர்கள் தயவுசெய்து ஒதுங்கி நிற்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் தருகிறவர் கட்டில் தருகிறவருக்குச் சமம். நல்ல நிலையில் உள்ள வீல்சேர், வாக்கர் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள். பழுதானது வேண்டாம், மிச்சமான மருந்தும் வேண்டாம். ஒருவருடைய வீட்டில் இப்படி ஒரு நிலைமை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். இது உங்கள் வீடே என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். என் அம்மா கடைசிவரை கேட்கவில்லை. அந்த அக்கா கேட்காமலே வந்தார், ஆனால் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசல் அருகே குழுவினர் இருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதக் காணிக்கை உறை, நேரம் கொடுப்பவர்களுக்கான தாள், இரண்டும் அங்கே கிடைக்கும். தாளில் பெயருக்கு எதிரே கிழமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்தக் கிழமை தவறாமல் வர முடியுமோ அதை மட்டும், நன்றாக யோசித்து, எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
வீட்டுக் கவனிப்புக் குழுவுக்காக, செயலாளர்