துப்பாக்கியைப் பூட்டி வைக்காததும் குற்றமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுத்துப்பாக்கி பறிமுதல், ஒருவர் கைது என்று நான்கு வரியில் வரும் செய்தி நம் பகுதி வாசகர்களுக்குப் புதிதல்ல. சிறுமலை அடிவாரத்திலும், நத்தம் பக்கத்திலும், பேரையூர் வட்டத்தின் சாப்டூர் மலையோரத்திலும் குடியிருப்பவர்களுக்கு அது பக்கத்துத் தெருச் செய்தி. கைதானவர்மீது எந்தப் பிரிவில் வழக்கு, அதற்கு என்ன தண்டனை, அதேபோன்றதொரு துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவருக்கு என்ன வழி என்பவை மட்டும் அச்செய்திகளில் இருப்பதில்லை. அவற்றைச் சொல்லவும், மதுரை மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை 1 முதல் 3 ஆண்டு என்பதிலிருந்து 2 முதல் 5 ஆண்டு என்று உயர்ந்தது. சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதினாலொழிய நீதிமன்றமே அந்த 2 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. உரிமமின்றித் துப்பாக்கி செய்பவருக்கும் விற்பவருக்கும் 7 ஆண்டு முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி, கல்யாணத்திலோ திருவிழாவிலோ கொண்டாட்டத்துக்காகச் சுடுவதும், அஜாக்கிரதையாகச் சுடுவதும் தனிக் குற்றமாக்கப்பட்டு, 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றாயிற்று. யாருக்கும் காயம் படவில்லை என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். நல்ல திருத்தம்தான், வரவேற்கிறேன்.

ஆனால் துப்பாக்கியைச் சுடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வெடிமருந்தோடு சும்மா மாட்டி வைத்திருப்பவரை இந்தப் புதிய பிரிவு தொடாது. அவர் உரிமம் பெற்றவராக இருந்தால், உரிமத்தின் நிபந்தனையை மீறினார் என்று 30ஆவது பிரிவின்கீழ் வழக்குப் போடலாம்; அதற்குத் தண்டனை 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வேறு சில பிரிவுகளைக் கடுமையாக்கிய 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஒரு பிரிவின்மேல் கைவைக்கவே இல்லை. துப்பாக்கியை யார் வைத்திருக்கிறார் என்பதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் சட்டம், அதை எப்படி வைத்திருக்கிறார் என்பதில் இவ்வளவு மெத்தனமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இருப்பவற்றில் பல, குழல் வாய் வழியாக மருந்து அடைக்கும் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகள். கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, அதன்மேல் ஈயக் குண்டையோ பால்ரஸ் குண்டையோ போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கியில் தோட்டாவை உருவி எடுத்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். இதில் அப்படி முடியாது. ஒருமுறை கெட்டித்ததைச் சுட்டுத்தான் தீர்க்க வேண்டும், அல்லது பக்குவம் தெரிந்தவர் திருகுக் கம்பியை விட்டுப் பிடுங்க வேண்டும். ஆகவே பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி வராத இரவுக்கு மறுநாளும் மருந்து குழலிலேயே கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில், விதை மூட்டைகளுக்கு நேர் மேலே ஆணியில் அப்படியொரு துப்பாக்கி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் மாட்டியபடி தொங்கியதை நானே கண்டேன். மூட்டைமேல் ஏறி விளையாடிய சிறுவனுக்குத் துப்பாக்கியின் குதிரையை (விசையை)த் தொட ஒரு முழம்கூட மிச்சமில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது பாட்டுக்கு இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்.

கவனக்குறைவு என்பது படிக்காத விவசாயிக்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த துப்பாக்கிச் சுடுதளத்திலிருந்து பாய்ந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் உயிரிழந்தான். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இப்படி நேருமானால், பயிற்சியே இல்லாத வீடுகளைப் பற்றி எவ்வளவு அக்கறை வேண்டும்!

விபத்து நேர்ந்தபின் போடும் வழக்கிலும் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. துப்பாக்கி யார் கையில் வெடித்ததோ அவரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. அதில் மருந்து அடைத்தவர் யார், பூட்டாமல் வைத்தவர் யார், செய்து கொடுத்த பட்டறை எது என்பதையும் முதல் நாளிலிருந்தே விசாரித்து, குற்றப்பத்திரிகையில் அவர்களையும் சேர்க்க வேண்டும். இறந்தவரும் சுட்டவரும் ஒரே குடும்பம் என்பதற்காக ஊரே சேர்ந்து விஷயத்தை அமுக்கிவிடுவதற்குக் காவல்துறை இடம் தரக் கூடாது.

இனி, உரிமமில்லாத துப்பாக்கிகளைப் பற்றி. இவற்றில் எல்லாமே திருட்டுத்தனமாக வாங்கியவை என்று சொல்ல மாட்டேன். பாட்டனார் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையாக உரிமம் வாங்கியிருப்பார். அவர் இறந்ததும் உரிமமும் போயிற்று, துப்பாக்கி மட்டும் பரணில் தங்கிவிட்டது. உரிமம் காலாவதியானாலோ வேறு காரணத்தால் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானாலோ, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டால் அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் பத்து, பதினைந்து ஆண்டுகளை விட்டுவிட்ட பேரன், இப்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் 2 ஆண்டு சிறை என்ற அச்சத்தில் அதை வைக்கோற்படப்பிலும் கூரை இடுக்கிலும் ஒளிக்கிறான். ஒளித்து வைத்த துப்பாக்கியைவிட ஆபத்தானது வேறில்லை. அதில் மருந்து இருக்கிறதா என்பதுகூட வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு சட்டத்திலேயே இருக்கிறது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவரான ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 39ஆவது பிரிவு. மாநகர எல்லைக்குள் அந்த அதிகாரம் காவல் ஆணையருக்கு உண்டு. ஆகவே, குறிப்பிட்ட தேதிக்குள் தாமாகவே கொண்டுவந்து ஒப்படைப்பவர்மீது வழக்குத் தொடர அனுமதி தரமாட்டேன் என்று ஆட்சியர் எழுத்தில் அறிவித்தால், அது வாய்ச்சொல்லாகப் போகாது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக்கிராமங்களில், தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அறிவித்து, மக்கள் நாட்டுத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது வாடிப்பட்டியிலும் பேரையூரிலும் ஏன் முடியாது? இந்தச் சலுகை, வேறு குற்றத்தில் பயன்பட்ட துப்பாக்கிக்கும், செய்து விற்கும் பட்டறைக்காரருக்கும் கிடைக்கக் கூடாது என்பதையும் அதே அறிவிப்பில் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

உரிமம் பெற்றவர்கள் விஷயத்தில் வேலை இன்னும் எளிது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுகிறார்கள். யார் வீட்டில் என்ன துப்பாக்கி என்ற பட்டியல் நிலையத்தில் இருக்கிறது. திருப்பித் தரும் அந்த நாளில், வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி இருக்கிறதா, மருந்தும் தோட்டாவும் தனியே இருக்கின்றனவா என்று கேட்டு, ஒரு காவலரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தால் போதும். இல்லையென்றால் துப்பாக்கியைத் திருப்பித் தராமல், உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கலாம். 17ஆவது பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 30ஆவது பிரிவின் தண்டனையை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நம் மதுரை, தேனி, திண்டுக்கல் தொகுதி உறுப்பினர்கள் அதை அங்கே எழுப்ப வேண்டும்.

பன்றி பயிரை அழிக்கும்போது விவசாயி என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. காட்டை ஒட்டிய நிலங்களுக்கு அது பயன்படாது என்பதால், பயிர்ச் சேத இழப்பீட்டைத் தாமதமின்றித் தருவதும் இந்தக் கோரிக்கையோடு சேர்ந்ததே.

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் மாதங்கள் தொடங்குமுன், ஒப்படைப்புக்கான தேதியையும் இடத்தையும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கூட்டாக அறிவித்து, மலையடிவாரக் கிராமங்களில் ஒலிபெருக்கியில் அறிவித்தும் கிராம சபையில் படித்தும் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒப்படைப்பவர் ஒவ்வொருவருக்கும், இவர்மீது வழக்கு இல்லை என்று எழுதிய ரசீது அந்த இடத்திலேயே வழங்கப்பட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.